சாவிப் பலகையில் இரண்டு மெட்டிகள்

எங்கள் வீட்டு வாசல் கதவுக்கு இடது பக்கம் ஒரு சாவிப் பலகை இருக்கிறது. கம்பெனிகளுக்குச் சரக்கு வந்து இறங்கும் பேலட் கட்டையில் ஒரு துண்டை இழைத்து, வார்னிஷ் அடித்து, அதில் பழைய கவரிங் நகைகளைப் பதித்துச் செய்தது. ஓரமெல்லாம் உடைந்த ஒட்டியாணத்தின் துண்டுகள். மூலைக்கு ஒரு கல் தோடு. நடுவில் சாவி மாட்ட இரண்டு வெள்ளிக் கொக்கிகள். வருகிறவர்கள், "ஆன்லைன்ல வாங்கினதா? லிங்க் அனுப்புங்க" என்பார்கள். மகள் செய்தது என்று சொல்வேன், அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. அந்தக் கொக்கிகள் இரண்டும் என் கால் மெட்டிகள். அது எனக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஓசூரில் சர்க்கியூட் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கடைசி மேசை என்னுடையது. பற்றவைத்த இடங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, விட்டுப்போனதை ஈயத்தால் தொட்டுவைத்து, எங்காவது பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிட்டு அனுப்ப வேண்டும். அங்கே நகை கூடாது. உள்ளே போகும்போது வளையல், தோடு, மோதிரம், கொலுசு எல்லாவற்றையும் கழற்றி லாக்கரில் போட்டுவிட வேண்டும். தாலியை மட்டும் உள்ளே விட்டு மேலே டேப் ஒட்டிக்கொள்ளலாம். தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், மேலுக்கு நீலக் கோட்டு. கல்யாணமானவள், ஆகாதவள், பேரன் எடுத்தவள் எல்லாருமே அங்கே வெறும் இரண்டு கண்கள்தான்.

மெட்டியை மட்டும் யாரும் கேட்டதில்லை. சாக்ஸுக்குள் இருப்பதை யார் குனிந்து பார்ப்பது? கல்யாணத்தன்று போட்ட கெட்டி மெட்டி அப்படியே விரலோடு கிடந்தது. மற்ற நகைகளைக் காலையில் கழற்றி, சாயங்காலம் மாட்டி, மறுபடி கழற்றி, அவற்றின் மேல் எனக்கு ஒரு ஒட்டுதலும் இல்லாமல் போய்விட்டது. செருப்பைக் கழற்றுவதற்கும் வளையலைக் கழற்றுவதற்கும் வித்தியாசம் தெரியாது. மெட்டி அப்படியில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அது என்னைவிட்டு இறங்கவே இல்லை.

என் கணவர் கம்பெனி பஸ் ஓட்டினார். ஒருநாள் காலை ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டு, டீ வாங்கியவர், அதைக் குடிக்காமலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எல்லாரும் இன்னும் கொஞ்சம் சொல்லு என்கிற மாதிரி முகத்தைப் பார்ப்பார்கள். இல்லை என்றால் இல்லைதான். அவருக்குச் சொந்த ஊர் பாரூர் பக்கம், ஏரிக் கால்வாய் பாயும் ஒரு கிராமம். அங்கேதான் கொண்டுபோனோம்.

நான் அழவில்லை. வந்தவர்களுக்கு அது பெரிய குறையாகிவிட்டது. "கல்லாட்டம் குந்திகினு இருக்கா பாரு" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். "அழுதுடும்மா, நெஞ்ச அடைச்சிக்கும்" என்று இன்னொருத்தி என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அழுகை என்ன குழாயா, திருகியவுடன் வருவதற்கு? எனக்கு அந்தத் தட்டல்தான் எரிச்சலாக இருந்தது. கையை எடுங்கள் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

காரியத்தன்று தலைமேல் கோடித் துணியைப் போட்டு உட்கார வைத்தார்கள். துணிக்குள்ளிருந்து பார்த்தால் தரையும் என் மடியும் மட்டும்தான் தெரியும். வளையலை உடைக்கக் கை கேட்டார்கள். கை அதுபாட்டுக்கு நீண்டது, தினமும் கழற்றிக் கொடுத்துப் பழகிய கை. லாக்கர் சாவியை எங்கே வைத்தேன் என்று ஒரு நொடி யோசித்தேன். சத்தியமாக அதைத்தான் யோசித்தேன். தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார்கள். அதற்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மெட்டிதான் வரவில்லை. சோப்புப் போட்டு இழுத்தார்கள், எண்ணெய் விட்டுத் திருகினார்கள். விரல் கணு பெருத்துப் போயிருந்தது, அதைத் தாண்டி வரமாட்டேன் என்றது. கடைசியில் யாரோ என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வேலிக் கம்பி வெட்டுகிற கட்டிங் பிளேயரால் வெட்டினார்கள். ஒரே வெட்டில் துண்டாகவில்லை. அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி, அப்புறம் வெட்டிய வாயை விரித்து எடுத்தார்கள். அது யார் என்று நான் துணியை விலக்கிப் பார்க்கவில்லை. சொந்தத்தில் யாரோ ஒரு பெரியம்மா என்று எண்ணிக்கொண்டேன். வலித்ததா என்று கேட்டால் அதுவும் தெரியாது. பிற்பாடு விரலில் ஒரு தழும்பு தெரிந்தது. ஷூ கடித்தது என்று விட்டுவிட்டேன்.

என் கணவர் வீட்டுப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. அன்று எடுத்ததில் தங்கத்தை ஒதுக்கிவிட்டு, வளையல் துண்டு, தாலிக் கயிறு, மெட்டி இவற்றை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து பெண்டாட்டி கையிலேயே கொடுத்துவிடுவார்கள். வருஷம் திரும்பும்போது அவள் அதை ஏரித் தண்ணீரில் விட வேண்டும். விட்டால்தான் போனவர் போய்ச் சேருவார். விடாவிட்டால் வீட்டு வாசலிலேயே நிற்பார், உள்ளேயும் வரமுடியாது, போகவும் முடியாது. இதையெல்லாம் எனக்குச் சொல்லி முடிச்சைக் கையில் கொடுத்தவர் என் கணவரின் அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். தாய் வயலுக்குப் போய்விட, தம்பியை இடுப்பில் வைத்தே வளர்த்தவர். இப்போதும் கரும்பு வெட்டுக்கு ஆளோடு ஆளாக நிற்கிறவர். "அவன அலைய விட்டுடாத புள்ள" என்றார். சரி என்றேன். அன்றைக்கு யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேலைக்குத் திரும்பினேன். அங்கே என்னிடம் எதுவுமே மாறியிருக்கவில்லை. வளையல் இல்லாத கைகளுக்கு நடுவில் வளையல் இல்லாத இரண்டு கைகள். பொட்டு இருக்கிறதா இல்லையா என்று தொப்பிக்குக் கீழே யாருக்குத் தெரியும்? கூட வேலை செய்கிறவர்கள் வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். கர்நாடக பார்டருக்கு அந்தப் பக்கமிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் விஷயம் தெரியாது. ஒருநாள் கேட் பக்கம் நிற்கும்போது, "அக்கா, நிம் யஜமான்ரு டிராப் மாட்தாரா?" என்று கன்னடத்தில் கேட்டாள். உங்கள் வீட்டுக்காரர் கொண்டுவந்து விடுகிறாரா என்கிறாள். "இல்லம்மா, அவருக்கு வேற ஷிப்ட்டு" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். பொய் சொன்னோமே என்றுகூட எனக்கு இருக்கவில்லை.

மகள் பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள், ஹாஸ்டல். லீவுக்கு வந்தவள் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லை. நான் வேலைக்குப் போவேன், வருவேன், சோறாக்குவேன், டிவியைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் என்ன நினைத்தாளோ, ஸ்டூலைப் போட்டு ஏறி பீரோ மேலிருந்த பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். எங்கள் வீட்டுக் கவரிங் நகை முழுவதும் அதற்குள்தான் கிடந்தது. கறுத்துப்போன முத்துமாலை, கல் உதிர்ந்த வளையல்கள், ஜோடியைப் பஸ்ஸில் தொலைத்த ஒற்றை ஜிமிக்கி, அவள் பள்ளி ஆண்டு விழாவில் ஆடுவதற்கு வாங்கிய ஒட்டியாணம்.

"இதெல்லாம் இனி நீயும் போடப்போறது இல்ல, நானும் போட மாட்டேன்" என்றாள். "போன்ல பாத்தேம்மா. பழைய நகைய வெச்சி வீட்டுக்கு அலங்காரம் பண்றாங்க. நாமளும் பண்ணலாமா?"

"பண்ணு."

"நீயும் வரணும்."

போனேன். முத்துமாலை ஜன்னல் திரையை ஒதுக்கிக் கட்டும் கயிறானது. வளையல்களைப் பாதியாக வெட்டி முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுற்றி ஒட்டினோம். ஒற்றை ஜிமிக்கி பூஜை அலமாரிக் கதவுக்குக் கைப்பிடி. நான் என் கம்பெனிப் பழக்கத்தில் கற்களை நிறம் பார்த்துத் தட்டில் பிரித்தேன், ட்வீசரால் எடுத்து வைத்தேன், ஒட்டியதை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துப் பசை வழிந்த இடத்தைச் சுரண்டினேன்.

"அம்மா, இது கம்பெனி லைன் இல்ல. கொஞ்சம் சிரிச்சிகிட்டே பண்ணலாம்" என்றாள் மகள்.

"சிரிச்சா பசை சீக்கிரம் காயுமா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. வீடு கொஞ்சம் கொஞ்சமாகப் பளபளக்க ஆரம்பித்தது. எனக்கு அது அழகாகவும் படவில்லை, அசிங்கமாகவும் படவில்லை. ஒரு வேலை முடிந்தது, அடுத்தது என்ன என்றுதான் இருந்தது.

அடுத்தது சாவிப் பலகை. பலகையில் ஒட்டியாணத்தைப் பதித்து முடித்த பிறகு கொக்கி வாங்கவில்லை என்பது தெரிந்தது. மகள் ஹார்டுவேர் கடைக்குப் போனாள். நான் அரிசி டின்னுக்குப் பின்னால் கைவிட்டு மஞ்சள் துணியை எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று இப்போது கேட்டாலும் தெரியாது. முடிச்சை அவிழ்த்தேன். மெட்டிகள் இரண்டும் வெட்டுப்பட்டு, வாய் பிளந்து, ஆளுக்கு ஒரு பக்கம் கிடந்தன. வளைந்து முனை நீட்டிக்கொண்டு, கொக்கி எப்படி இருக்குமோ அப்படியே.

மகள் காலேஜ் பிராஜெக்டுக்கு வாங்கிய சால்டரிங் அயர்ன் இருந்தது. பித்தளைத் திருகாணியின் தலையில் மெட்டியை வைத்துப் பற்றவைத்தேன், இரண்டையும். பலகையில் திருகி முடித்து, அவருடைய பைக் சாவியை ஒன்றிலும் வீட்டுச் சாவியை மற்றதிலும் மாட்டினேன். உயிரோடு இருந்தவரைக்கும் அந்த மனுஷன் வீட்டுக்குள் வந்ததும் சாவியைத் தூக்கி டிவி மேல் எறிவார். டிவி ஓரமெல்லாம் கீறல். "சாவிக்குன்னு ஒரு எடம் கெடையாதா உங்களுக்கு?" என்று தினமும் கத்துவேன். இப்போது இடம் கிடைத்துவிட்டது.

கொக்கிப் பொட்டலத்தோடு வந்த மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, இது..."

"ஆமா."

"அத்தைக்குத் தெரிஞ்சா?"

"தெரியாது."

அவள் கிட்டே போய் மெட்டி முனையைத் தொட்டுப் பார்த்து விரலை இழுத்துக்கொண்டாள். "பிசிறா இருக்குதும்மா. அரம் போட்டு விடட்டுமா?"

"வேணாம். அப்படியே இருக்கட்டும்."

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பிசிறு உள்ள ஒரு சாமானையும் நான் என் மேசையைத் தாண்ட விட்டதில்லை. அதை மட்டும் விட்டேன். என் உடம்பிலிருந்து எல்லாம் கேட்டவுடன் கழன்று வந்தது. தாலிகூட வந்தது. வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தது இந்த இரண்டும்தான். நான் அழாததற்கு எனக்குப் பதிலாக இவையாவது ஒரு சண்டை போட்டன. இதைக் கொண்டுபோய்த் தண்ணீரில் விடு என்றால் எப்படி விடுவது? விடமாட்டேன் என்று அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டேன். அவர் போன பிறகு நானாக ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான்.

வருஷம் திரும்பும் சமயத்தில் அண்ணி போன் செய்தார்.

"மஞ்சத் துணி பத்திரமா இருக்குதா?"

"இருக்குது அண்ணி."

"மெட்டி ரெண்டும்?"

"ரெண்டும் இருக்குது."

"மொத நாளே நான் வந்துடறேன். தனியா வர வேணாம், நானே கூட்டிகினு போறேன்."

போனை வைத்துவிட்டு பஜாரில் வெள்ளிக் கடைக்குப் போனேன். அதே தினுசில் ஒரு ஜோடி கெட்டி மெட்டி கேட்டேன். எடுத்துக் கொடுத்த பெண், "பொண்ணுக்காக்கா? கல்யாணம் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் சந்தோஷப்பட்டு டப்பாவுக்குக் குங்குமம் வைத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து முட்டையை வேகவைத்து, உடைத்து, மூடிய கிண்ணத்தில் மெட்டியோடு போட்டு வைத்தேன். பழசு மாதிரியே வெள்ளி நன்றாகக் கறுத்தது. பிறகு கட்டரால் வெட்டினேன், ஒரே வெட்டு. வாயை விரித்தேன். முனையில் கொஞ்சம் பிசிறு நின்றது. அரம் எடுத்து அதைத் தேய்த்து, துடைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்துத் திருப்தியான பிறகுதான் மஞ்சள் துணியில் முடிந்தேன். மனசுக்குள் ஒரு சின்ன கர்வம்கூட இருந்தது. யாருக்கு என்ன தெரியப்போகிறது?

வருஷக் காரியத்துக்கு மகளும் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். அண்ணி மத்தியான வெயிலில் வந்து சேர்ந்தார். தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தவர் முத்துத் திரையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், ஜிமிக்கி தொங்கும் அலமாரியைப் பார்த்தார்.

"என்னாடி இது கூத்து?" என்றார் மகளிடம். "செவுத்துக்கெல்லாம் நகை போட்டு அழகு பாக்கறீங்க? அடுத்தது என்னா, கதவுக்குச் சீர் செய்யப் போறீங்களா?"

"நல்லா இல்லியா அத்தை?"

"நல்லாதான் இருக்குது போ. எங்க வூட்டு எருமைக்கும் ஒண்ணு செஞ்சி குடு."

மகள் சிரித்துக்கொண்டே சாவிப் பலகையை மறைத்து நின்றாள். அன்று சாயங்காலம் முழுக்க அண்ணி அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவளுக்கு வாசலில் ஏதாவது ஒரு வேலை இருந்தது. ஒருதரம் காய்ந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்று மடித்தாள். அண்ணி தம்பி சட்டையில் ஒன்றைக் கேட்டு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காலையில் கிளம்பும்போதுதான் பிசகியது. மகள் பையோடு தெருவுக்கு இறங்கிவிட்டாள். நான் பின்கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டிருந்தேன். "சாவி இதுதானே?" என்று அண்ணியின் குரல் கேட்டது. அதற்குள் அவர் கையை நீட்டிவிட்டார். "ஸ்ஸ்" என்றார். ஓடி வந்தேன். ஆள்காட்டி விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார்.

"என்னா ஆச்சு அண்ணி?"

"ஒண்ணுமில்ல. கீறிடுச்சு."

சாவியை என் கையில் கொடுத்தார். கதவைப் பூட்டினேன். பஸ் ஏறினோம். சூளகிரி தாண்டும்வரை அவர் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பயமாக இருந்தது. எதற்காவது பயந்து ரொம்ப நாளாகியிருந்தது. கிருஷ்ணகிரியில் இறங்கி டவுன் பஸ் மாறினோம்.

ஏரிக்கரையில் சொந்தக்காரர்கள் வந்து காத்திருந்தார்கள். படையல் போட்டு, கற்பூரம் காட்டி முடிந்ததும் மஞ்சள் துணியைக் கேட்டார்கள். அண்ணி கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் முடிச்சை அவிழ்த்து, வளையல் துண்டுகளை ஒதுக்கினார், கயிற்றை ஒதுக்கினார். மெட்டிகளை உள்ளங்கையில் வைத்து, வெட்டிய முனையைக் கட்டைவிரலால் ஒருதரம் தடவினார். மறுபடி தடவினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

போச்சு என்று நினைத்தேன். இத்தனை பேருக்கு நடுவில் கேட்கப்போகிறார். கேட்டால், வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பலகையிலிருந்து பிடுங்கி எடுத்துக்கொண்டு வருவார்கள். பெரியவர்கள் கூடி நின்று, புருஷனை வாசலில் நிறுத்தி வைத்தவள் என்பார்கள். சொல்லட்டும். ஆனால் மெட்டி போய்விடும்.

அண்ணி மெட்டிகளை மறுபடி துணியில் போட்டு என் கையில் வைத்து விரல்களை மூடினார். "விடு" என்றார், அவ்வளவுதான். தண்ணீரில் இறங்கி எல்லாவற்றையும் விட்டேன். ஒரு சின்னச் சத்தம், இரண்டு வளையம், ஒன்றும் இல்லை. அண்ணி என் பக்கத்தில் வந்து நின்று ஏரியைப் பார்த்து, "போய்ட்டு வாடா தம்பி" என்றார்.

கரையில் நின்ற பெரியவர் ஒருவர் பதறிவிட்டார். போனவர்களைப் பார்த்து வா என்று சொல்வது எங்கள் பக்கம் ஆகவே ஆகாது. "என்னாம்மா வார்த்தை அது? போன்னு மட்டும் சொல்லு" என்றார்.

"என் தம்பி, நான் சொல்றேன். உங்களுக்கு என்னா?" என்றார் அண்ணி. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கரையேறிவிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் மகள் நேராகக் காலேஜுக்குக் கிளம்பிப்போனாள். மறுநாள் அவளுக்குப் பரீட்சை. என்னைப் பஸ் ஏற்றிவிட அண்ணி ரோட்டு வரைக்கும் வந்தார். நிறுத்தத்தில் சிமெண்ட் பெஞ்சு ஒன்று உண்டு. உட்கார்ந்தோம். வயலில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ கம்பெனியில சுத்தமா வேல செய்றவ புள்ள" என்றார்.

"ஏன் அண்ணி?"

"என்னா வழவழப்பு! கொழந்த வாயில வெச்சாகூட கீறாது."

நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உன் மெட்டிய வெட்டுனது யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. யாரோ பெரியம்மான்னு..."

"நான்தான்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"அத்தன பொம்பளைங்க நிக்கறாங்க, ஒருத்தியும் முன்ன வரல. அந்தக் காரியத்துக்கு யாரு கை நீட்டுவா? சரின்னு நான்தான் உன் கால எடுத்து மடியில வெச்சிகினேன். வேலிக்கு வெச்சிருந்த பிளேயரு, மொன்னை. கை வேற வெடவெடங்குது. கடிச்சிக் கடிச்சி வெட்டுனேன், கோணல்மாணலா. உன் விரலயும் சேத்து கடிச்சிடுச்சு. என் சேலையெல்லாம் ரத்தம். நீ கால இழுக்கவே இல்ல புள்ள. ஒரு சத்தம் இல்ல உன்கிட்ட. பொணத்து காலாட்டம் கெடந்துச்சு." மூக்கைச் சிந்திப் போட்டார். "இந்த வருசம் பூரா படுத்தா அந்தக் காலுதான் கண்ணுல வருது. தம்பி மொகம்கூட அப்புறம்தான் வருது."

என் கண் அவருடைய கீறல் விழுந்த விரலுக்குப் போனது.

"காலையில உன் வூட்டு சாவி ஆணி என் விரல கீறுனப்பவே தெரிஞ்சி போச்சு. நான் கடிச்சிப் போட்ட வாயி எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு அண்ணி விடச் சொன்னீங்க?"

"வேற என்னா செய்ய? ஊரைக் கூட்டி உன்ன நிக்க வெச்சி கேள்வி கேக்கச் சொல்றியா?" என்று சீறினார். பிறகு குரல் இறங்கியது. "அவன் போய்ச் சேரணும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அவன் எங்கயும் போயி ஒண்ணும் ஆக வேண்டியதில்ல. உன் வாசல்ல நிக்கறான்னா நிக்கட்டும். பொண்ணு வரும்போதும் போகும்போதும் பாத்துகினு நிக்கட்டும். அந்த ஆணிய யாருக்கும் புடுங்கிக் குடுத்துடாத."

தலையாட்டினேன்.

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். செருப்புக்கு வெளியே விரல்கள் தெரிந்தன. ஷூ கடித்தது என்று நான் நம்பிக்கொண்டிருந்த தழும்பை, காலையில் கீறிக்கொண்ட அதே விரலால் தொட்டார்.

"வலிச்சுதா புள்ள?"

அவர் போனதிலிருந்து என்னிடம் எத்தனையோ கேட்டிருந்தார்கள். அழுதாயா என்று கேட்டார்கள், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. நான் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தக் கால்விரலிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி கெண்டைக்காலைப் பிடித்து மேலே ஏறியது. மொன்னைப் பிளேயரின் ஒவ்வொரு கடியும் தெரிந்தது. டீ ஆறிப்போய்க் கிடந்த பெஞ்சு தெரிந்தது.

"வலிக்குது அண்ணி" என்றேன். "ஐயோ, வலிக்குது."

அதற்கு மேல் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அண்ணி பெஞ்சைவிட்டு இறங்கி மண்ணில் உட்கார்ந்து, என் செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பஸ் வந்து நின்றது. ஆட்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறுறீங்களா இல்லியா?" என்று கத்தினான்.

"போய்யா அந்தாண்ட" என்றார் அண்ணி. "அவ அழுதுட்டு வருவா."